ஊதாத சங்கு

ரப்பர் இலைகளிலிருந்து பனி சொட்டிக்கொண்டிருந்தது. தோட்டமே நெட்டை என்று கூப்பிடும் அவளுக்கு, நெற்றியில் கட்டிய விளக்கு எட்டும் தூரம்தான் உலகம். எதிரே ஒரு மரம், அதன் பட்டையில் சாய்வாக ஓடும் பழைய வெட்டு, அதற்குக் கீழே கம்பியில் தொங்கும் கிண்ணம். முந்தின வெட்டில் உறைந்துபோன ஒட்டுப்பாலை நகத்தால் பற்றி இழுத்து இடுப்புக் கூடையில் போட்டாள். கத்தியைப் பட்டையில் வைத்துத் தன் பக்கமாக இழுத்தாள். சீவல் சுருண்டு விழுந்தது. கத்தி ஒரு நூல் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். ஒரு நூல் மேலாகப் போனால் பால் வராது. வெள்ளைக் கோடு வழிந்து கிண்ணத்தில் விழும்போது அவள் அடுத்த மரத்துக்குப் போய்விட்டிருந்தாள். வெயில் ஏறினால் பால் நின்றுவிடும். அதனால் தோட்டத்தில் எல்லோருக்கும் இருட்டோடு ஓட்டம்.

பக்கத்து வரிசையில் அவளுடைய ஓரகத்தி. கொழுந்தனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்தே வாயாடி என்று பெயர் வாங்கியவள். கையும் வாயும் ஒரே வேகத்தில் ஓடும்.

“அக்கா, கொஞ்சம் நில்லு. பொட்டிக்கு முகத்தைக் காட்டிட்டு வரேன்.”

பொட்டி என்றால் மரத்தில் வார் போட்டுக் கட்டிய பச்சை நிறக் கேமரா. வாயாடி அதன் முன்னால் நின்று தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள்.

“சிறுத்தைய எதிர்பார்த்து எதிர்பார்த்து அதுக்கும் அலுத்துப் போயிருக்கும். என்னையாவது பார்க்கட்டும்.”

“உன்னைப் பார்த்தா அது கண்ணை மூடிக்கும். போய் வெட்டுடி.”

கேமராக்களைக் கட்டிய அன்று மானேஜர் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார். சிறுத்தை நடந்தால் கேமரா பார்க்கும். உறுமினால் மேலே கிளையில் இருக்கும் மைக் கேட்கும். இரண்டில் எது நடந்தாலும் தோட்டத்து மின்சாரச் சங்கு தானாக ஊதும், எல்லோரும் சாலைக்கு வந்துவிடலாம். இனி ஆள் காவல் எதற்கு என்று, தகரம் தட்டிக்கொண்டு முன்னால் போன காவல்காரர்களை அந்த வாரமே நிறுத்திவிட்டார். தகரம் தட்டி முடியும்வரை காத்திருக்கும் நேரம் மிச்சம் என்று ஒவ்வொருவர் தலையிலும் கூடுதல் மரங்கள் விழுந்தன. கூலி மட்டும் அப்படியே நின்றது.

முதலில் சங்கு அடிக்கடி ஊதியது. கத்தியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். பிறகு இரண்டு மாதமாக ஊதவே இல்லை. சிறுத்தை வேறு காட்டுக்குப் போய்விட்டது என்று ஊர் முழுக்கப் பேச்சு. அந்த நிம்மதியில்தான் வாயாடி அன்று அடிமரத்து வெட்டுக்காகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

நெட்டைக்கு முதலில் கேட்டது வாளி உருளும் சத்தம். பேச்சு பாதியில் அறுந்திருந்தது. திரும்பினாள். விளக்கு வெளிச்சத்தில் மஞ்சளாக ஒரு முதுகு. அதன் அடியில் வாயாடியின் கால்கள் மண்ணை உதைத்துக்கொண்டிருந்தன. நெட்டை என்ன கத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. கையிலிருந்த பால் வாளியை வீசினாள். கத்தியை ஓங்கிக்கொண்டு ஓடினாள். முகமெல்லாம் பால் வழிய அது ஒரு கணம் அவளைப் பார்த்தது. பிறகு புதருக்குள் போய்விட்டது.

வாயாடியின் வலது தோள் சட்டையோடு சேர்ந்து கிழிந்திருந்தது. பால் ஏற்றும் வண்டியில் கேன்களுக்கு நடுவே அவளைக் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் நெட்டை தன் முந்தானையைக் காயத்தில் வைத்து அழுத்தியிருந்தாள்.

உயிர் தப்பியது. வலது கை இனி வேலைக்கு வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மறுநாள் பேட்டரி மாற்ற வந்த கேமராக்காரனை ஆட்கள் சுற்றி வளைத்தார்கள். மோட்டார் சைக்கிளில் தோட்டம் தோட்டமாக அலையும் ஒப்பந்த ஆள் அவன்.

“உன் பொட்டி குருடா?” என்றான் கொழுந்தன்.

“குருடு இல்லண்ணே.” அவன் தரையைப் பார்த்தான். “அன்னிக்கும் பார்த்துச்சு. அதுக்கு முந்தியும் நிறைய தடவை. தகவல் எல்லாம் மானேஜர் போனுக்குப் போயிருக்கு.”

“அப்போ சங்கு?”

“கம்பியக் கழட்டச் சொன்னாங்க. கழட்டினேன்.”

கொழுந்தன் அவன் சட்டையைப் பிடித்துத் தூக்கினான். அவன் விலகவில்லை, கையை உயர்த்தவுமில்லை. நெட்டைதான் கொழுந்தனின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

“சொன்னவரு ஆபீஸ்ல உட்கார்ந்திருக்காரு. அங்க வா.”

மானேஜர் எதையும் மறைக்கவில்லை. அதுதான் நெட்டையைத் திகைக்க வைத்தது.

“ஆமா, வந்துச்சு. வாரத்துல பாதி நாள் வருது. வர்றப்பல்லாம் ஊதினா நீங்க வெளிய ஓடுவீங்க. அன்னிக்குப் பால் போச்சு. முதலாளிக்கு நீயா பதில் சொல்லுவ?”

“சொல்றேன் சார். கூப்பிடுங்க.”

“திமிரா? அது மனுஷனப் பார்த்தா ஒதுங்கிப் போற ஜாதிம்மா. ஏதோ ஒரு தடவை இப்படி ஆயிடுச்சு.”

“நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்களும் ஒதுங்கிப் போயிருப்போமே சார்.”

அவர் பேனாவை மூடி வைத்தார்.

“இப்ப என்ன வேணும்?”

“சங்கைத் திரும்ப மாட்டணும். அவ வைத்தியத்தையும் வயித்துப்பாட்டையும் தோட்டம் ஏத்துக்கணும். அதுவரைக்கும் கத்தி எடுக்க மாட்டோம்.”

“கத்தி எடுக்காதவனுக்குத் தோட்டத்துல வீடு எதுக்கு? சாமானைக் கட்டிக்குங்க. நாளைக்கு லாரியில வெளியாளு வருது.” அவர் சிரித்தார். “நேத்து சாயங்காலம் மரத்தடியில கூடிப் பேசினீங்களே, அது எல்லாம் எனக்குத் தெரியும். ‘காவலை நிறுத்தின மானேஜரைக் கட்டி வச்சு சிறுத்தை முன்னால போடணும்’னு சொன்னது யாரு? குரல் எனக்குத் தெரிஞ்ச குரல்தான். மைக் சிறுத்தைக்கு மட்டும்தான்னு நினைச்சீங்களா?”

எல்லோர் கண்களும் ஜன்னலுக்கு வெளியே மரக்கிளைகளுக்குப் போயின.

அன்று மாலை வரிசை வீடுகளில் அடுப்புகள் புகைந்தன, பேச்சுச் சத்தம் இல்லை. தண்ணீர்க் குழாயடியில்கூடப் பெண்கள் மேலே கிளைகளைப் பார்த்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சிலர் பாத்திரங்களைச் சாக்கில் கட்டினார்கள். கொழுந்தனின் கூட்டாளிகளில் இரண்டு பேர் கதவைச் சாத்திக்கொண்டே, “நாங்க வெட்டுக்குப் போறோம், தப்பா நினைக்காதீங்க” என்றார்கள். நெட்டைக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை. அவளுக்கும் போக வேறிடம் கிடையாது.

ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். வாயாடி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கட்டுப் போட்ட கை யாருடையதோ போல் பக்கத்தில் கிடந்தது.

“போட்டோல நல்லா விழுந்திருக்கேனான்னு அந்தப் பையன்கிட்ட கேளுக்கா.”

நெட்டை அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

“ஏதாவது ஆகுமா?” என்று கேட்டாள் வாயாடி.

“ஒண்ணும் ஆகாதுன்னுதான் தோணுது.”

“எனக்கு அந்த மிருகத்துமேல கோபமில்லக்கா. அதுக்குப் பசி. இந்த மானேஜரு போனைப் பார்த்துட்டு, நம்மளயும் உள்ளே அனுப்பிட்டு, உட்கார்ந்து காபி குடிச்சிருக்கான் பாரு…” அவள் கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள். “நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.”

நெட்டை அவளுடைய இடது கையைப் பிடித்துக்கொண்டாள்.

விடியுமுன் தோட்டத்து வாசலில் கத்தியில்லாமல் பாதிப் பேர்தான் வந்திருந்தார்கள். குளிரில் ஒடுங்கி, ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள். வாசலுக்கு அந்தப் பக்கம் மானேஜர், சால்வையைப் போர்த்திக்கொண்டு.

லாரி வந்து நின்றது. பின்கதவு திறந்ததும் ஆட்கள் இறங்கினார்கள். காலில் செருப்பில்லாதவர்கள், மூட்டையும் கத்தியுமாக வந்தவர்கள். அவர்களுடைய கண்களில் தூக்கமும் கலக்கமும்தான் இருந்தன. கொழுந்தன் கல்லை எடுத்தான். நெட்டை அவன் கையைத் தட்டிவிட்டு முன்னால் போனாள்.

“அம்மா, நாங்க உங்களத் தடுக்க வரல. உள்ள ஒரு சிறுத்தை இருக்கு. அது எப்ப எங்க இருக்குன்னு மரத்துல கட்டின பொட்டி பார்த்து மானேஜர் போனுக்குச் சொல்லுது. சங்கு ஊதணும், ஊதல. என் ஓரகத்தி கை போய்ப் படுத்திருக்கா. இதைத் தெரிஞ்சுக்கிட்டு உள்ள போங்க.”

குழந்தையை முதுகில் கட்டியிருந்த ஒருத்தி மூட்டையைக் கீழே வைத்தாள்.

“முன்பணம் வாங்கிட்டோம்” என்றாள். “திரும்பிப் போக வழியில்ல.”

“தெரியும்.”

“இப்ப எங்க இருக்கு அது?”

“எனக்குத் தெரியாதும்மா.” நெட்டை மானேஜரைக் காட்டினாள். “அவருக்குத்தான் தெரியும்.”

அந்தப் பெண் முதுகுத் துணியை இறுக்கிக்கொண்டு வாசல்வரை நடந்தாள்.

“ஐயா, சிறுத்தை இப்ப எங்க இருக்கு?”

“உள்ள போய் வேலையப் பாரு.”

“சொல்லுங்கய்யா, போறேன். எங்க இருக்கு?”

அவர் லாரிக்காரனைப் பார்த்துக் கத்தினார். லாரிக்காரன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முகத்தைத் திருப்பிக்கொண்டான். லாரியில் வந்த கிழவர் ஒருவர் அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் நின்றார். “கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க” என்றார். இன்னும் இரண்டு பேர் போனார்கள். பிறகு கொழுந்தன் போனான். மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு, வேலை போய்விடும் என்று தெரிந்தே, கேமராக்காரனும் வந்து நின்றான். வீடுகளின் பக்கம் ஒரு கதவு திறந்தது.

மானேஜர் போன் இருந்த சட்டைப்பையைக் கையால் மூடிக்கொண்டார்.

“எங்க இருக்கு?”

இந்தத் தடவை கேட்டது ஒரு குரல் இல்லை. உள்ளூர்க்காரர்கள் யார், லாரியில் வந்தவர்கள் யார் என்று நெட்டைக்குப் பிரித்துத் தெரியவில்லை. அவர் வாய் திறக்கவில்லை. யாரும் உள்ளே போகவுமில்லை. மரங்களுக்கு மேலே வெயில் ஏறத் தொடங்கியது. அன்றைய பாலுக்கான நேரம் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணின் தோளோடு தோள் உரச நெட்டை நின்றாள்.