காலியாக இருந்த குழி

"உனக்குன்னு உருப்படியா என்னடி வரும்?"

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்த அன்று அப்பா கேட்டது. இரண்டு வருடமாகியும் அவள் பதில் சொல்லவில்லை. வீட்டில் அவளுக்கு ஊமச்சி என்றே பெயர்.

அப்பா வாடகைக் கார் ஓட்டுகிறவர். அவருடைய ரிமோட் சாவியின் கூடு விரிசல் விட்டு, ரப்பர் பேண்டின் தயவில் பிழைத்துக்கொண்டிருந்தது. கம்பெனிச் சாவி யானை விலை, குதிரை விலை. அதே அச்சில் ஒரு வெற்றுக்கூட்டைக் கடைத்தெருவில் வாங்கி வந்தவர், "சாவிக்கடைக்காரன்கிட்ட குடுத்து மாத்திக்கிறேன். யாரும் கை வெச்சிடாதீங்க" என்று அலமாரியில் வைத்தார். யாரும் என்றால் யார் என்று அவளுக்குத் தெரியும். போன மாதம் சுவர்க்கடிகாரத்தைப் பிரித்துப் போட்டவள் அவள்தானே.

மறுநாள் காலை அப்பா குளிக்கப் போனார். அவளுக்குக் கை அரித்தது. பச்சை சர்க்யூட் பலகை, பட்டன் பேட்டரி, சாவியின் இரும்புத் தண்டு என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் புதுக்கூட்டில் இறக்கினாள். எல்லாம் அளவெடுத்தது போல உட்கார்ந்தன. அரிசி மணி படுக்கும் அளவில் ஒரு குழி மட்டும் காலியாக இருந்தது. அது எதற்கு என்று யோசிப்பதற்குள் குளியலறைத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. அவசரமாக மூடித் திருகி, சன்னல் வழியே பொத்தானை அழுத்தினாள். தெருவில் கார் கண் சிமிட்டியது.

அப்பா சாவியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அழுத்திப் பார்த்தார். திட்டுவதற்கு ஒன்றும் அகப்படாமல் கிளம்பினார்.

ஐந்தே நிமிடத்தில் தெருவிலிருந்து குரல். "இங்க வாடி! கதவு திறக்குது, லைட்டு எரியுது, வண்டி மட்டும் கிளம்ப மாட்டேங்குது!"

ஒன்பதரைக்குப் பல் டாக்டரம்மாவைக் கிளினிக்கில் விட வேண்டும். தினமும் வரும் ஒரே சவாரி. இன்னொரு தடவை தாமதமானால் வேறு வண்டி பார்த்துக்கொள்வதாகப் போன வாரமே சொல்லிவிட்டார். இப்போது மணி ஒன்பது.

எதிர்வீட்டு டிரைவர் மாமா காருக்குள் தலையை நீட்டினார். "மீட்டர்ல சாவிப் படம் மினுக்குது பாருங்கண்ணே. உங்க வண்டிக்கே உங்கள அடையாளம் தெரியல!"

அவளுக்குச் சுரீர் என்றது. அந்தக் குழி!

"அம்மா, பழைய கூடு எங்க?" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினாள்.

"பெருக்கிக் குப்பைத் தொட்டியில போட்டாச்சு. அடியாத்தி, ஊமச்சிக்கு இவ்ளோ பெரிய தொண்டையா!"

வெங்காயச் சருகையும் டீத்தூளையும் கிளறிக் கூட்டைப் பிடித்தாள். மூலையில் பசை போட்டு ஒட்டிய கறுப்பு மணி ஒன்று இருந்தது. வெறும் பிளாஸ்டிக் துண்டு என்று நினைத்து விட்டுவிட்டிருந்தாள். காருக்குச் சாவியை அடையாளம் காட்டும் சிப் அது. உடைந்தால் தீர்ந்தது கதை.

கொண்டை ஊசியால் பசையைச் சுரண்டினாள். அப்பா தலைமேலேயே நின்றார். "இருக்கிறதையும் கெடுத்துடாத. பாத்து, பாத்து..."

"கொஞ்சம் பேசாம இருங்கப்பா."

அப்பா ஓரடி பின்னால் நகர்ந்தார்.

மணி கழன்று வந்தது. குழியில் வைத்தாள். சொல்லிவைத்தது போலப் படுத்துக்கொண்டது. கூட்டை மூடி அப்பாவிடம் கொடுத்தாள். முதல் திருகிலேயே கார் உறுமியது. மாமா சீட்டியடித்தார். கார் தெருமுனை திரும்பும்போது ஒன்பது பத்து.

மதியம் அப்பா நல்ல பசியோடு வந்து சாப்பிட்டார். டாக்டரம்மா கோபப்பட்டாரா என்று அம்மா கேட்டதற்கு, "நேரத்துக்குப் போனா எதுக்குக் கோபம்?" என்றார்.

கைகழுவி வந்தவர், சட்டைப்பையிலிருந்து பிளாஸ்திரி சுற்றிய ஒரு சாவியையும் ஒரு புதுக்கூட்டையும் எடுத்து அவள் முன்னால் வைத்தார். மாமாவின் சாவி.

"சாவிக்கடைக்காரன்கிட்ட குடுக்கலையாப்பா?"

அப்பா காரிலிருந்த ஸ்க்ரூடிரைவர் டப்பாவையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டார். வண்டிக்குப் போய்விட்டார்.