சிவப்பு நூல் கட்டிய சிலிண்டர்

ப்ரூனெஷ்டி ஊரில் முட்டைக்கோஸ் கிலோ மூன்று லேய்க்கு விற்ற இலையுதிர் காலத்தில், ஒரு காஸ் சிலிண்டர் வெடிக்க மறுத்து, வளரத் தொடங்கியது. முதல் நாள் அது நல்ல பூசணிக்காய் அளவுக்கு உப்பியது. வாரக் கடைசியில் சினைப்பசு அளவு இருந்தது. பிறகு சோதனைக் கொட்டகையின் கூரையை முதுகால் நெம்பித் தூக்கியது. தொழிலாளர்கள் கூரைத் தகடுகளைக் கழற்றிச் சுவரோரம் அடுக்கிவிட்டு, அதன் வெதுவெதுப்பான பக்கத்தில் கையுறைகளைக் காயப்போட்டார்கள்.

வளர்ந்ததில் யாருக்கும் வருத்தமில்லை. வெடிக்காததுதான் வருத்தம். அந்த ஊர்த் தொழிற்சாலையில் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ஒரு சிலிண்டரைத் தேர்ந்தெடுத்து, எண்ணைக் குறித்து, தண்ணீர் நிரப்பி, அது கிழியும்வரை பம்பால் அழுத்துவார்கள். மீன் வயிற்றைக் கீறினாற்போல் நீளவாக்கில் கிழிய வேண்டும். சில்லுசில்லாகச் சிதறக் கூடாது. அந்த ஒன்று ஒழுங்காகச் செத்தால் மற்றவை அடுப்படிகளில் ஒழுங்காக வாழும் என்பது சட்டம். சாவை இன்ஸ்பெக்டர் பார்க்க வேண்டும் என்பதும், குறித்த எண்ணை மாற்றக் கூடாது என்பதும் அதே சட்டம்தான். இந்தத் தொகுதியை வாங்கவிருந்த துறைமுக வியாபாரி, அக்டோபர் கடைசியில் வரும் புனித திமித்ரு நாள்வரை பொறுப்பதாகச் சொல்லியிருந்தார். அங்கே எல்லா ஒப்பந்தமும் அந்த நாளில்தான் முடியும். அதற்குள் சிலிண்டர் வெடிக்காவிட்டால் கடன் கொடுத்த வங்கிக்காரர்கள் வந்து வாசலைப் பூட்டுவார்கள். ஊரில் பாதி அடுப்பு அந்த வாசலை நம்பித்தான் எரிந்தது.

இன்ஸ்பெக்டரின் பெயர் லியோன்தின் புடாய். இரண்டு புருவமும் மூக்கின்மேல் ஒன்று சேர்ந்தவர். அப்படிப்பட்டவர்களின் கண்ணைப் பற்றி அந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இளவயதில் அவர் வேலிக்கு மேலாக எட்டிப்பார்த்து ஒரு கன்றுக்குட்டியை மெச்சினார். சாயங்காலம் அது கால் நீட்டிப் படுத்துவிட்டது. ரொட்டிக்கடையில் பொங்கிவந்த மாவை மெச்சினார். அது தட்டில் சப்பையாக உட்கார்ந்தது. அதிலிருந்து அவர் எதைப் பார்த்தாலும் கையால் தொட்டு, மூன்று முறை துப்புவதுபோல் பாவனை செய்து, "கேவலம்" என்று சொல்லப் பழகிக்கொண்டார். தலைநகரிலிருந்து ரயிலில் சோதனைக்கு வரும்போதெல்லாம், கொட்டகையின் பொறுப்பாளரான ப்ரோஃபிரா ஹங்கானு அவருக்கென்று முட்டைக்கோஸ் இலையில் இறைச்சியும் அரிசியும் சுருட்டி வேகவைத்த சர்மாலே கொண்டுவருவாள். கணவன் இறந்து பல வருடமானவள், அதிகம் பேசாதவள். அவர் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டுவிட்டு, "கேவலம், ப்ரோஃபிரா. வாயில வைக்க முடியல" என்பார். அவள் இன்னும் இரண்டு வைப்பாள்.

பிறகு கொள்ளைநோய் வந்தது. அதன் பின்னால் கேமரா வந்தது. நோய் போனபின்னும் கேமரா போகவில்லை. இனி இன்ஸ்பெக்டர் நேரில் போக வேண்டாம், திரையில் பார்த்தால் போதும் என்று தலைமை அலுவலகம் முடிவு செய்தது. கேமராவைக் குறை சொல்ல முடியாது. அது அழுத்தமானியின் முள்ளை மனிதரைவிடத் துல்லியமாகப் பார்த்தது, சாராயம் கேட்கவில்லை. எல்லாரையும்விட அதிகம் சந்தோஷப்பட்டவர் புடாய்தான். தனக்கும் பொருள்களுக்கும் நடுவே ஒரு கண்ணாடியும் ஆறு மணிநேர ரயில் பயணமும் இருக்கின்றன, எந்தக் கண்ணும் அவ்வளவு தூரம் பாயாது என்று கணக்குப் போட்டார். ஐம்பது வயதுக்கு மேல் அந்த மனிதர் முதன்முறையாக வாய்விட்டு மெச்சத் தொடங்கினார். பெயிண்டை மெச்சினார். வெல்டர் தொரினெல் பற்றவைத்த தையலை மெச்சினார். ஜன்னலுக்கு வெளியே தெரிந்த மேகத்தையும் விடவில்லை. ஒரு நாள் மேடையில் ஏற்றிய சிலிண்டரைப் பார்த்து, "என்ன அழகான சிலிண்டர்" என்றார். அப்புறம் வெகுநேரம் சத்தமில்லை. இணைப்பு அறுந்துவிட்டது என்று தொரினெல் கம்பியை ஆட்டிப் பார்த்தான். அப்போது திரையிலிருந்து, "நீங்களும் நல்லாயிருக்கீங்க, ப்ரோஃபிரா" என்று குரல் வந்தது.

ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் திரைச்சீலையை வெளுக்கவைப்பதை ப்ரோஃபிரா வீட்டில் தினமும் பார்க்கிறாள். கண்ணாடியை எவ்வளவு நம்பலாம் என்று அவளுக்குத் தெரியும். பையிலிருந்து சிவப்பு நூலை எடுத்துத் தன் மணிக்கட்டில் ஒரு சுற்று கட்டினாள். மிச்சத்தைச் சிலிண்டரின் கழுத்தில் கட்டினாள். பிள்ளைகளுக்கும் கன்றுகளுக்கும் அப்படித்தானே கட்டுகிறார்கள். தொழிற்சாலை டைரக்டர் கலிஸ்த்ரத் பார்த்தார். கட்டியது சரி என்றே அவருக்கும் தோன்றியது. சாவதற்கென்று மேடையில் ஏற்றியதற்குக் காப்புக் கட்டியிருக்கிறோம் என்று அங்கே ஒருவருக்கும் உறைக்கவில்லை. பம்பை ஓட்டினார்கள். அழுத்தமானியின் முள், சிலிண்டர் வெடிக்க வேண்டிய எண்ணைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, பூஜ்யத்தில் படுத்துக்கொண்டது. சிலிண்டர் மட்டும் உப்பியது. பம்பை நிறுத்திய பிறகும் உப்பியது.

காரணம் புரிந்தபோது நூல் கைக்கு எட்டாமல் போயிருந்தது. தடித்த விரலில் மோதிரம் புதைவதுபோல் கழுத்து மடிப்புக்குள் போய்விட்டது. தொரினெல் இரும்பு வெட்டும் கத்தரியோடு ஏறி அரை நாள் தேடிவிட்டு இறங்கினான்.

"அக்கா, அடுத்த தடவை ஒரு சிலுவையும் மாட்டி ஞானஸ்நானம் பண்ணி வச்சிரு. பேரு நான் வைக்கிறேன்."

"உன் நாக்குல கட்ட நூல் மிச்சமில்லாம போச்சேடா," என்றாள் ப்ரோஃபிரா.

யார் கண்ணுக்குப் பயந்து கட்டினார்களோ அவர் கையால்தான் அவிழ்க்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். புடாய் முதலில் தன் மேசையிலிருந்தே அவிழ்க்கப் பார்த்தார். திரையில் தெரிந்த சிலிண்டரைத் தடவினார். திரைமேல் மூன்று முறை துப்பினார். பழக்கம் விட்டுப்போனதால் நிஜமாகவே துப்பிவிட்டார். ப்ரூனெஷ்டியில் சிலிண்டர் லேசாகச் சிலிர்த்தது, அவ்வளவுதான். தன் கையுறையைத் தபாலில் அனுப்பினார். அதை வைத்துத் தடவியதும் சிலிண்டர் ஒரு விரற்கடை சுருங்கியது. கையுறை அவருடையது என்றாலும் கை தொரினெலுடையது என்று தெரிந்ததும் மறுபடி உப்பிக்கொண்டது.

"நேர்ல வாங்க, இன்ஸ்பெக்டரய்யா," என்றாள் ப்ரோஃபிரா.

"ஆபீஸ்ல விடமாட்டாங்கம்மா. அதான் கேமரா இருக்கேம்பாங்க."

"ஆபீஸைக் கேக்கல. உங்களக் கேக்கறேன்."

திரையில் அவர் முகம் அசையாமல் இருந்தது. இந்த முறை இணைப்பு சரியாகத்தான் இருந்தது என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் கம்பியை ஆட்டவில்லை.

"நேர்ல வந்தா நான் பழைய ஆளு ஆயிடுவேன், ப்ரோஃபிரா. மறுபடி எல்லாத்தையும் கேவலம்னு சொல்லிட்டுத் திரியணும்."

"கேவலம்னு சொன்னப்பல்லாம் நான் என்ன பட்டினியா போட்டேன்?" என்றாள் அவள்.

திமித்ரு நாளுக்கு முந்தின நாள், விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு, சொந்தக் காசில் புடாய் வந்து இறங்கினார். ரயில் நிலையத்திலிருந்து கண்ணைத் தரையில் வைத்தபடியே நடந்தார். வழியில் தாய்மார்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள், கோபத்தில் அல்ல, மழைக்குத் துணி எடுப்பதுபோல. கொட்டகையில் கண்ணை மூடிக்கொண்டு ஏணியில் ஏறினார். கழுத்து மடிப்புக்குள் கையை விட்டதும் நூல் தானாக அவர் விரலில் வந்து மாட்டியது. இழுத்து அறுத்தார். இறங்கி வந்து, கண்ணைத் திறக்காமலே சிலிண்டரின் வயிற்றில் கை வைத்தார்.

ஒன்றும் நடக்கவில்லை. கலிஸ்த்ரத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"பாருங்க," என்றாள் ப்ரோஃபிரா. "பாக்கறதுதானே உங்க வேலை."

"பாத்தா என்ன ஆகும்னு தெரியும்ல?"

"அது ஆகணும்னுதான எல்லாரும் நிக்கிறோம்."

புடாய் அப்போதுதான் அதை யோசித்தார். இவ்வளவு காலம் அவர் கண்ணுக்குப் பயந்து மறைத்த பொருள்களுக்கு நடுவே, அவர் கண்ணுக்காகவே காத்திருந்த ஒரு பொருள் இங்கே நின்றது. கையை எடுத்தார். துப்பவில்லை. கண்ணைத் திறந்து, அடியிலிருந்து நுனிவரை நிதானமாகப் பார்த்து, "அழகாயிருக்கு" என்றார்.

சிலிண்டர் பெருமூச்சு விட்டு, மீன் வயிறு மாதிரி நீளவாக்கில் கிழிந்தது. ஒரு சில்லுகூடத் தெறிக்கவில்லை. முழங்கால் அளவுத் தண்ணீர் வாசல் வழியாகத் தெருவில் இறங்கி, தோட்டங்களுக்குள் போனது. கிழிந்த ஓடு பழைய அளவுக்குச் சுருங்கி மேடையில் கிடந்தது. புடாய் சான்றிதழில் குறிப்பு என்ற இடத்தில் "ஒன்றுமில்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டார். அன்று மாலையே மற்ற சிலிண்டர்களில் முத்திரை அடித்து வண்டி ஏற்றினார்கள். வங்கிக்காரர்கள் மறுநாள் வந்து, வாசல் திறந்திருப்பதைப் பார்த்து, ஆளுக்கொரு காபி குடித்துவிட்டுப் போனார்கள். தண்ணீர் பாய்ந்த தோட்டங்களில் முட்டைக்கோஸ் தொட்டில் அளவுக்குப் பருத்ததால் விலை இரண்டு லேயாக இறங்கியது.

அதிலிருந்து தொழிற்சாலையில் முறை இதுதான். வாழப்போகிற சிலிண்டர்களை இன்ஸ்பெக்டர் கேமராவில்தான் பார்க்கிறார், அவற்றின் கழுத்தில் சிவப்பு நூல் இருக்கும். சாகப்போகிற ஒன்றுக்கு மட்டும் நேரில் வருகிறார். அதற்குத் தலைமை அலுவலகம் இப்போது பயணப்படியும் கொடுக்கிறது. வேலை முடிந்ததும் ப்ரோஃபிரா சர்மாலே வைத்துவிட்டு எதிரில் உட்காருகிறாள். அவர் தட்டைத் துடைத்துவிட்டு, அவள் மணிக்கட்டில் கையை வைத்துக்கொண்டு, "கேவலம், ப்ரோஃபிரா" என்கிறார். அவள் தன் கையில் நூல் கட்டுவதை நிறுத்தி ஒரு வருடம் ஆகிறது.