முனியாண்டியின் செயல்திறன்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், கேமரன் மலையில் முதல் தேயிலைச் செடி நடப்பட்ட நாளுக்கு அடுத்தபடியாக முக்கியமான நாள், சென்ற மார்ச் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று காலைத் தேநீர் நேரத்தில் குகனேஸ்வரன் இணையத்தில் தன் பெயருக்குக் கீழே ‘தரவுக் கதைசொல்லி’ என்று போட்டுக்கொண்டான். மலை அசைந்து கொடுக்கவில்லை. மழை தூறியது, அது எல்லாச் செவ்வாயும் தூறுவதுதான்.

அதுவரை அவன் தோட்டத்து ஆபீசில் சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா. வெள்ளைக்காரன் போய் எத்தனையோ காலமாகியும் மேலாளர் இன்னும் துரைதான்; அதைப்போல ஆபீசில் கணினியைத் தொடுகிற எவரும் கிராணிதான். ‘டேட்டா அனலிஸ்ட்’ என்று அவனும் பலமுறை திருத்திப் பார்த்தான். “சரிங்க கிராணி” என்றார்கள்.

இதிலிருந்து தப்பிக்க ஒரே வழி கோலாலம்பூர். அங்கே ஒரு நல்ல கம்பெனி, கண்ணாடி அறை, ‘தலைவர்’ என்று முடியும் ஒரு பதவி. வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்காக அவன் சேர்ந்த இணைய வகுப்பில் பாடம் நடத்திய ஆசாமியோ, எண்களை யாரும் நம்புவதில்லை, எண்களைச் சொல்பவனின் கண்ணீரைத்தான் நம்புகிறார்கள் என்றார். ஒருவன் முதலில் ‘பிராண்ட்’ ஆக வேண்டுமாம். பிராண்டுக்கு வேர் வேண்டுமாம். வேரில் கொஞ்சம் சேறு ஒட்டியிருந்தால் உத்தமமாம்.

குகனேஸ்வரனின் வேரில் சேறு கிடையாது. அவன் அப்பா தானா ராத்தா டவுனில் கார் ஓட்டப் பழக்கும் பள்ளி நடத்தியவர். டிரைவிங் ஸ்கூல்காரர் மகனுக்காக உலகம் அழுததாக வரலாறு இல்லை. ஆகவே, வேலை தேடுவோரும் வேலை தருவோரும் ஓயாமல் ஒருவரையொருவர் வாழ்த்திக்கொள்ளும் அந்தத் தளத்தில் அவன் இப்படி எழுதினான்: ‘தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தேன். கொழுந்துக் கூடையின் நிழலில் எண்ணக் கற்றேன்.’

அவன் அம்மா சாரதா இதைப் படித்துவிட்டுக் கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

“நீ எப்படா லயத்துல பொறந்த? டவுன் ஆஸ்பத்திரியில, சுடுதண்ணி வர்ற ரூம்ல பொறந்த.”

“அது ஒரு உருவகம்மா.”

“உருவகமோ என்னமோ. உங்க மாமா போன் போட்டு, வீட்ட வித்துட்டீங்களாக்கான்னு அழுறாரு. அவருக்கு நீயே சொல்லிக்கோலா.”

வேர் விட்டாயிற்று. இனிக் காய்க்க வேண்டும். அதற்குத்தான் ஆபீசில் எண்கள் கிடந்தன. ஒவ்வொரு மலைச்சரிவிலும் கொழுந்து நிறுக்கும்போது, யார் எவ்வளவு பறித்தார் என்பது இயந்திரத்தின் வழியாக நேராகக் கணினிக்கு வந்துவிடும். தொழிலாளிகளில் பெரும்பாலோர் நேபாளிகள், வங்காளதேசத்தவர், தமிழர் சிலரே. அந்தப் பட்டியலைத் தட்டிப் பார்த்தபோதுதான் குகனேஸ்வரன் முனியாண்டியைக் கண்டுபிடித்தான்.

முனியாண்டி லேசுப்பட்ட ஆள் இல்லை. தோட்டத்திலேயே அதிக எடை அவர் பெயரில்தான் இருந்தது. ஒரு நாள்கூட வேலைக்கு வராமல் இருந்ததில்லை. காய்ச்சல், வயிற்றுவலி என்று டாக்டர் சீட்டு வாங்கி ஒரு எம்.சி. விடுப்பு எடுத்ததில்லை. இயந்திரம் பழுதான நாள் தவிர மற்ற நாளெல்லாம் முதலிடம். ஒரே காலையில் இரண்டு மலைகளில் பறித்திருந்தார். பிறந்த தேதி மட்டும் 1900 ஜனவரி முதல் தேதி என்றிருந்தது. குகனேஸ்வரன் தொழில் தெரிந்தவன். அழுக்கான தரவைச் சுத்தம் செய்யாமல் ஆய்வில் இறங்கக் கூடாதென்று அந்தக் கட்டத்தை அழித்தான்.

இந்த முனியாண்டி எந்த லயம் என்று யாரிடமாவது கேட்டிருக்கலாம். ஆனால் லயத்தில் பிறந்தவன் அப்படிக் கேட்க முடியாது. நேரில் போய்ப் பார்க்கலாமென்றால் மலையேற வேண்டும், சப்பாத்து வீணாகும். எனவே உட்கார்ந்த இடத்திலிருந்தே எழுதினான்: ‘முனியாண்டி எனக்குக் கற்பித்த தலைமைப் பண்புகள்.’ அவர் குறை சொல்வதில்லை. பதவி உயர்வு கேட்பதில்லை. எங்கும் இருக்கிறார், ஆனால் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. ‘அவர் பேசமாட்டார்; அவருடைய எண்கள் பேசும்.’

பதிவு தீப்பிடித்துக்கொண்டது. வாழ்த்துப் பெட்டியில் கும்பிட்ட கைகள் குவிந்தன. ‘ஐயா துணை’ என்று எழுதினார் கோலா தெர்லாவில் முட்டைக்கோஸ் போடும் ஒருவர். ‘எங்களையும் காப்பாத்துங்க ஐயா’ என்றது திரிங்காப்பிலிருந்து ஒரு பூத்தோட்டம். குகனேஸ்வரன் எல்லோருக்கும் ஒரே பதிலைப் போட்டான்: ‘மிக்க நன்றி. தலைமைப் பண்பு நமக்குள்ளேயே இருக்கிறது.’ அதற்கும் கும்பிட்டார்கள்.

அடுத்த வாரம் கோலாலம்பூரிலிருந்து வசுமதி என்பவர் அழைத்தார். தோட்டங்களுக்குச் செயல்திறன் அளக்கும் மென்பொருள் விற்கும் கம்பெனியில் ஆள் எடுப்பவர் அவர். தரவுப் பிரிவுத் தலைவர் வேலைக்கு அவனை நினைத்திருக்கிறார்களாம். வெள்ளிக்கிழமை கேமராவோடு வருவாராம். லயத்துப் பிள்ளையும் முனியாண்டியும் தேயிலைச் செடிக்கு நடுவே பேசிக்கொண்டே நடந்தால் போதும், வேலைக்கான கடிதத்தைக் கையோடு கொண்டு வருவதாகச் சொன்னார்.

வியாழக்கிழமை குகனேஸ்வரன் மலையேறினான். கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் வேலப்பன் கங்காணி இருந்தார்.

“வாங்க கிராணி. வழி தவறிட்டீங்களா?”

“முனியாண்டியப் பாக்கணும்.”

வேலப்பன் அவனை மேலும் கீழும் பார்த்தார். “குளிச்சிட்டீங்களா?”

“அவரப் பாக்கக் குளிக்கணுமா?”

“குளிக்காமலும் போறாங்க. அது அவங்கவங்க இஷ்டம்லா.”

“இப்ப எங்க இருப்பாரு?”

“அங்கனேதான். எங்க போவாரு?”

“நாளைக்குப் படம் எடுக்க வர்றாங்க. நல்ல துணியா உடுத்திக்கச் சொல்லணும்.”

“செவப்புத் துணி போன மாசந்தான் கட்டிவிட்டோம். அழுக்காகல.”

கட்டிவிட்டார்களாமே, பெரியவருக்கு உடம்பு முடியவில்லை போலிருக்கிறது என்று குகனேஸ்வரன் எண்ணிக்கொண்டான். அப்படியிருந்தும் முதலிடம். பதிவில் சேர்க்க வேண்டிய விஷயம்.

“பேச்சு எப்படி? கேமரா முன்னாடி கூச்சப்படுவாரா?”

“அவரு பேசி நான் கேட்டதில்ல. எங்க சின்ன மாமியார் மேல வந்தப்ப ஒருதரம் பேசுனாரு. அதுவும் சேவல் வேணும்னுதான்.”

சரிவின் கடைசி வரிசையைத் தாண்டி, பெரிய மரத்தடியில் வேலப்பன் செருப்பைக் கழற்றினார். அங்கே சிவப்புத் துணி சுற்றிய ஒரு கல் நின்றது. பக்கத்தில் சூலம். எதிரே அணைந்துபோன அரைச் சுருட்டு.

குகனேஸ்வரன் அக்கம்பக்கம் பார்த்தான். வேறு யாரும் இல்லை.

“பறிக்கிறவங்க எல்லாரும் மூட்டையிலேருந்து ஒரு கைப்பிடி எடுத்து ஐயா மூட்டையில போடுவாங்க” என்றார் வேலப்பன். “அந்தக் காசுலதான் வருசப் பூசை. நேபாளிக்காரன்கூட போடுறான், நம்மாளுங்கள விட நெறையவே போடுறான். மெஷினு வந்தப்ப, ஆள் பேரில்லாம நிறுக்க மாட்டேன்னுச்சு. பெரிய கிராணி ஐயாவுக்கு ஒரு நம்பர் போட்டுக் குடுத்தாரு. பொறந்த தேதி கேட்டுச்சு. நமக்கென்ன தெரியும்? விட்டுட்டோம். அதுவா ஒண்ணு போட்டுக்கிச்சு.”

தான் சுத்தம் செய்த கட்டம் குகனேஸ்வரனின் ஞாபகத்துக்கு வந்தது.

“உங்களுக்குத் தெரியாத மாதிரி கேக்குறீங்க” என்றார் வேலப்பன். “எவ்வளவு பக்தியா எழுதியிருந்தீங்க. எங்க வீட்டுல அத பிரிண்ட் எடுத்து சாமி மேடையில வெச்சிருக்கா.”

“அங்கிள், நாளைக்கு ஒரு நாள், ஒரு அரைமணி நேரம் நீங்க முனியாண்டியா...”

“வேணாம் கிராணி. கை கால் வெளங்காமப் போயிரும். எனக்கில்ல, உங்களுக்கு.”

வெள்ளிக்கிழமை குகனேஸ்வரன் ஒரு திட்டத்தோடு நின்றான். முனியாண்டி புகழை விரும்பாதவர்; படம் எடுக்க வேண்டாமென்று தன்மையாக மறுத்துவிட்டார். தலைமைப் பண்பு வரிசையில் இதுவும் நன்றாகவே பொருந்தியது. அழுத்தித் தேய்த்த வெள்ளைச் சட்டையில், கண்ணுக்கெட்டிய பச்சையின் முன்னால், அவன் கிட்டத்தட்ட தலைவராகவே தெரிந்தான்.

வசுமதி கேமராக்காரரோடு காரிலிருந்து இறங்கினார். நடுத்தர வயது, மழைக்கேற்ற காலணி. அவன் ஒத்திகை பார்த்து வைத்திருந்த முதல் வாக்கியத்தைக் காது கொடுத்துக் கேட்டபடியே நடந்தார். மரத்தடி கண்ணில் பட்டதும் காலணியைக் கழற்றிவிட்டுப் போய்க் கும்பிட்டார். திரும்பி வந்து, அங்கே நின்றிருந்த வேலப்பனிடம் கேட்டார்.

“இங்கயும் ஐயா பேர்ல எடை போடுறீங்களாண்ணே?”

“ஆமாம்மா, தெனமும்.”

“எங்க லயத்துல ரப்பர் பாலு. ஆளுக்குக் கொஞ்சம் ஐயா வாளியில ஊத்தணும். ஊத்தாட்டி அம்மா அடிப்பாங்க.”

சொல்லிவிட்டுக் காலணியை மாட்டிக்கொண்டார். பிறகு கைப்பேசியில் அந்தப் பதிவைத் திறந்து, ‘எங்கும் இருக்கிறார், ஆனால் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை’ என்ற வரியை மெதுவாக வாசித்தார்.

“தம்பி, நீங்க எந்த லயம்னு சொன்னீங்க?”

குகனேஸ்வரன் தேயிலையைப் பார்த்தான். தேயிலை உதவிக்கு வரவில்லை.

“அது ஒரு உருவகம், மேடம்.”

வசுமதி கோபப்படவில்லை. வந்ததற்குக் கேமராக்காரரை விட்டுக் கல்லையும் சூலத்தையும் எடுக்கச் சொன்னார். வேலப்பனிடம் ஒரு சுருட்டு வாங்கி வைத்தார். ஐயாவின் எடை விவரம் உண்மையிலேயே பிரமாதம், விற்பனைக் கூட்டத்தில் காட்டலாமென்று பாராட்டினார். கைப்பையிலிருந்த கடிதம் கைப்பையிலேயே கோலாலம்பூர் திரும்பியது.

அன்று மாலை குகனேஸ்வரன் ‘தோல்வி எனக்குக் கற்பித்தவை’ என்று நீளமாக எழுதினான். யாரும் கும்பிடவில்லை. மாமா மட்டும், வீட்டை விற்கவில்லையே என்று மறுபடி விசாரித்திருந்தார்.

மாத முடிவில், சின்னக் கிராணி தயாரித்த வரைபடத்தைப் பார்த்து, துரை சிறந்த தொழிலாளிக்கான பரிசை அறிவித்தார். பரிசு ஒரு மழைக்கோட்டு. அதை மலையேற்றிக் கொண்டுபோய்க் கல்லுக்குப் போர்த்திவிட வேண்டிய பொறுப்பு, தரவுக்குப் பொறுப்பானவர் என்ற முறையில், குகனேஸ்வரனிடம் வந்தது. அவன் நனைந்து, காய்ச்சல் வந்து, எம்.சி. எடுத்தான்.

முனியாண்டி எடுக்கவில்லை.