எலுமிச்சைத் துண்டு

லூக்கே ஊரில் பள்ளிச் சீருடை தைக்கும் பட்டறையில் நாங்கள் ஐந்து பெண்கள். பராகுவே வெயிலுக்கு ஐஸ் இல்லாமல் வேலை ஓடாது. காலை ஒன்பதுக்குத் தையல் மெஷின்கள் நிற்கும், தெரெரே சுற்றும். இலைத்தூள் நிரப்பிய ஒரே கொம்புக் குவளை, ஒரே இரும்புக் குழல். ஐஸ் தண்ணீரை ஊற்ற ஊற்ற, ஆளுக்கு ஒரு முறை உறிஞ்சிவிட்டுத் திருப்பித் தருவோம். தரும்போது நன்றி என்று சொல்லிவிட்டால், இனி எனக்கு வேண்டாம் என்று அர்த்தம். வெறும் மரியாதைக்காக யாரும் அதைச் சொல்வதில்லை.

அந்தத் திங்கட்கிழமை முதல் மடக்கிலேயே நான் நன்றி சொன்னேன்.

தண்ணீர் ஊற்றிக்கொடுத்த சுனில்டா அக்கா குவளையை வாங்காமல் என்னையே பார்த்தாள். "என்னடி நிமியா, எங்க வாய் பட்டது உனக்கு ஆகாதா?"

"இல்லக்கா, வயிறு சரியில்ல."

"விசேஷமா? புருஷன் அர்ஜென்டினால இருக்கான், பாத்துச் சொல்லு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் உதட்டைத் திறக்காமல் சிரித்தேன். காற்றுப் பட்டாலே மேல்வரிசைப் பல் சுரீர் என்றது.

உண்மையைச் சொல்லப் பயம். என் அம்மாவுக்கும் இப்படித்தான் குளிர்ந்த தண்ணீரில் ஆரம்பித்தது. அவளுடைய முப்பத்துமூன்றாவது வயதில், ஊருக்கு வந்துபோகும் பல் பிடுங்கி இரண்டே தடவையில் அத்தனையையும் எடுத்துவிட்டான். எனக்கு அப்போது ஏழு வயது. அவள் வாளியில் துப்பியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது எனக்கு முப்பத்துமூன்று.

அந்த வயது நெருங்குவதைப் பார்த்துப் பயந்தவள் என்ன செய்வாள்? தேய்த்தேன். எலுமிச்சைத் துண்டை உப்பில் தொட்டுப் பல்லில் பூசி, முரட்டு பிரஷ்ஷால் மூன்று வேளை. கூச ஆரம்பித்ததும் ஐந்து வேளை. துண்டுகளை அம்மாவே வெட்டிச் சாசரில் வைப்பாள்.

"அழுத்தித் தேயிடி. நான் ஒழுங்காத் தேய்க்காமத்தான் எல்லாம் போச்சு," என்பாள்.

வியாழக்கிழமை வெந்நீர்கூடத் தாங்கவில்லை. சுகாதார நிலையத்துக்குப் போனேன். நாற்காலியில் படுத்ததும் நாக்கால் என் பற்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டேன், விடைபெறுகிற மாதிரி. பல் டாக்டர் ஒரு குழாயால் காற்றை ஊதினார். துள்ளி விழுந்தேன்.

"எல்லாத்தையும் எடுத்துடுவீங்களா டாக்டர்?"

"எதுக்கு எடுக்கணும்? சொத்தையே இல்லையே. மேல்பூச்சு தேஞ்சிருக்கு, ஈறு இறங்கியிருக்கு. எதால தேய்க்கிறீங்க?"

கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவர் பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டார்.

"நீங்களே தேச்சுக் கரைச்சிருக்கீங்கம்மா. புளிப்பு பட்டா பல் இளகும். அப்பவே தேச்சா உரிஞ்சுதான் வரும். எலுமிச்சைய விடுங்க. மெத்துனு ஒரு பிரஷ், கூச்சத்துக்குன்னு ஒரு பேஸ்ட், ரெண்டு வேளை போதும். தேஞ்சது வளராது, ஆனா கூச்சம் அடங்கும்."

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தேன், அழுதேன்.

வீட்டு வாசலில் அம்மா பஞ்சும் உப்புத் தண்ணீருமாகக் காத்திருந்தாள். "எத்தன எடுத்தான்?"

"ஒண்ணுகூட இல்லம்மா." சந்தோஷத்தில் யோசிக்காமல் டாக்டர் சொன்னதை அப்படியே கொட்டினேன். எலுமிச்சை, முரட்டு பிரஷ், வெறும் கூச்சம், எல்லாம்.

அம்மா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "எனக்கும் கூச்சம் மட்டுந்தான்டி இருந்துச்சு. ஒண்ணுகூட ஆடல."

அப்போது வந்த பயம் டாக்டர் நாற்காலியில்கூட வந்ததில்லை. அவள் உள்ளே போய்ச் சாசரை எடுத்துவந்து, எலுமிச்சைத் துண்டுகளைக் கோழிகளின் பக்கம் வீசினாள்.

"வாயத் தொற," என்றாள்.

திறந்தேன். விரல் நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். அவள் விரலில் எலுமிச்சை வாசம். கூசியது, ஆனால் நான் அசையவில்லை. இருபத்தெட்டு வந்தது. மறுபடியும் முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.