மேல வூட்டு ஏசி

1.
இந்தக் கதை பொறாமையில் பிறந்தது; ஒத்துக்கொள்கிறேன். நான் கள்ளக்குறிச்சியில் வாங்கிய அதே ஏசியை என் தம்பி உளுந்தூர்பேட்டையில் நாலாயிரம் குறைத்து வாங்கினான். அவனைத் திட்ட முடியாமல் ராஜாம்பாள் என்று ஒருத்தியை எழுதுகிறேன்.

2.
இட ஒதுக்கீட்டுப் போராட்டம் தமிழகத்தை உலுக்கிய 2021ஆம்... [வேண்டாம். செய்தித்தாள் வாடை.]

கள்ளக்குறிச்சியில் ஒரே வீடு. கீழே தைலம்மாள். மாடியில் அவள் ஓரகத்தி ராஜாம்பாள். வெயில் மொத்தமும் தன் தலையில்தான் இறங்குகிறது என்ற குறை அவளுக்குக் கல்யாணமான நாளிலிருந்தே உண்டு. மறியல் நடந்துகொண்டிருந்த அந்த 2021 மாசியில் இருவரின் பழைய ஏசிகளும் பத்து நாள் இடைவெளியில் செத்தன. தைலம்மாள் வடக்கனந்தல் கடையில் புதிது வாங்கி மாட்டினாள், முப்பத்துமூவாயிரம். ராஜாம்பாள் அதே கடைக்குப் போன் போட்டு, "மேல வூட்டுக்கும் அதே ஏசி மாட்டணுங்க" என்றாள். முப்பத்தெட்டு என்றார்கள்.

ராஜாம்பாளுக்கு வயிறு எரிந்தது.

"உளுந்தூர்பேட்டையில மறியலு. லாரில்லாம் நின்னுக்கினு கீது, அதான் ஜாஸ்தி" என்றான் கணவன் வீரமுத்து.

"கீழ வூட்டுக்கு வரப்போ மட்டும் லாரி பறந்து வந்துச்சா? அக்காதான் சொல்லி வெச்சிருக்கும்."

(இங்கே எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. ஐயாயிரத்துக்காக ஒருத்தி இவ்வளவு வேகுவாளா? பிறகு தம்பி நினைவுக்கு வந்தான். வேகுவாள்.)

3.
படி இறங்கிப் போய்க் கேட்டேவிட்டாள். "எனக்குன்னா வெலய ஏத்தச் சொன்னியாக்கா?"

தைலம்மாளின் கண் கலங்கிவிட்டது. கடைக்காரர் அரங்கநாதனைப் போனில் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, விலை ஏன் ஏறியது என்று கேட்டாள்.

"மேலன்னாங்களேம்மா. கல்வராயன் மலையில ஏத்தி மாட்டணுமேன்னு வண்டி வாடகையும் சேத்துச் சொன்னேங்க."

(அடிக்குறிப்பு: மலையடிவாரத்துக் கடையில் 'மேல' என்றால் மலை. ராஜாம்பாளுக்கு மாடி.)

"மாடிதாங்க அது. இன்னா ஆவும்?" என்றாள் தைலம்மாள்.

"அப்ப அதே முப்பத்துமூணுதாம்மா."

கதை இங்கே சுபமாக முடிந்திருக்க வேண்டும். ஆனால் தைலம்மாளின் ஒரே வார்த்தைக்கு இறங்கிய விலை, ஏறிய விலையைவிட ராஜாம்பாளை அதிகமாக எரித்தது.

4.
முடிவு ஒன்று: மன்னிப்புக் கேட்டு, முப்பத்துமூன்றுக்கு வாங்கி, ஆயுசுக்கும் அக்கா தயவில் குளிர் காய்கிறாள். [குளிரில் எப்படிக் காய்வது? மாற்ற வேண்டும்.]

முடிவு இரண்டு: வேறு கடையில் முப்பத்தெட்டே கொடுத்து... [எழுத வெட்கமாக இருக்கிறது. எனக்குப் பிடித்தது இதுதான்.]

தைலம்மாள் போனை நீட்டினாள். "நீயே பேசு ராஜாம்பா."

அந்தப் பக்கம் அரங்கநாதன் கேட்கிறார்: "பில்லு தைலம்மா பேர்லயே போட்டுடட்டுங்களா?"

இதற்குமேல் என்னால் ஆகாது. போனைப் பிடியுங்கள். அவர் காத்திருக்கிறார்.