ரோஸ்விதா வாங்கிக் கொடுத்த சக்கரங்கள்

அந்த ஞாயிற்றுக்கிழமை ரோஸ்விதா பேசாமல் வீட்டிலேயே இருந்திருக்கலாம். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் இருந்தாள். ஏவால்ட் தன் குட்டிப் பச்சைக் காரை எடுத்துக்கொண்டு ஐஃபெல் மலைக்காட்டுக்குள் இருக்கும் பந்தயப் பாதைக்குப் போவான். பணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் ஒரு சுற்று ஓட்டலாம். இவள் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு டிவி பார்ப்பாள். அவன் திரும்பி வந்து, "இன்னிக்கு அந்த இறக்கத்து வளைவுல..." என்று ஆரம்பித்தால், "சரி சரி, கையைக் கழுவிட்டு வா, சூப் ஆறுது" என்பாள். அவனும் வாயை மூடிக்கொள்வான். அவர்கள் குடும்பம் அப்படி ஓடிக்கொண்டிருந்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் கோடைக்காலத்திலிருந்து ஏவால்ட் வீடு திரும்ப ரொம்ப நேரமானது. கேட்டால் மழுப்புவான். பேக்கரியில் கூட வேலை செய்யும் பெண்கள், "ஐம்பது வயசுல ஆம்பளைக்கு ஒரு கிறுக்குப் பிடிக்கும் ரோஸி, பார்த்துக்கோ" என்று கண்ணடித்துச் சிரித்தார்கள். இவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து அவன் சட்டையை மோந்து பார்த்தாள். கிரீஸ் வாடைதான் அடித்தது. அப்படியும் சந்தேகம் போகவில்லை. அதனால்தான் அன்று அவன் கிளம்பும்போது கோட்டை மாட்டிக்கொண்டு, கார்க் கதவைத் திறந்து, ஜம்மென்று உட்கார்ந்துவிட்டாள்.

ஏவால்ட்டின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "குளிரும் ரோஸி. மழை வேற வரும்போல இருக்கு."

"வரட்டுமே. நான் வாங்கிக் குடுத்த சக்கரம் எப்படி ஓடுதுன்னு ஒரு தடவையாவது பார்க்க வேணாமா?"

அவன் சாவியைத் திருகி வண்டியைக் கிளப்பினான்.

அந்தச் சக்கரங்கள் கோடைத் தொடக்கத்தில் வந்த அவனுடைய ஐம்பதாவது பிறந்தநாளுக்கு அவள் கொடுத்தவை. கன்னங்கரேலென்று, ஓரத்தில் மட்டும் தங்க நிறத்தில் ஒரு கோடு. பெரிய கடையில் போய், "என் வீட்டுக்காரருக்கு, பந்தயப் பாதையில ஓட்டறதுக்கு" என்று கேட்டாள். விற்பனைப் பையன் படத்தைக் காட்டி, "பெருசா இருந்தா அம்சமா இருக்கும். டயர் அகலமா இருந்தா ரோட்டை அப்படியே கவ்விப் பிடிக்கும்" என்றான். அகலம் என்றால் நல்லதுதானே, யாருக்குத்தான் அப்படித் தோன்றாது? விருந்தாளிகள் முன்னால் துணியை விலக்கியபோது ஏவால்ட்டின் கண் கலங்கிவிட்டது. ஓடு மாற்றும் வேலையில் தினமும் கூரை மேல் ஏறி இறங்கிக் காய்த்துப்போன கையால் சக்கரத்தைத் தடவிப் பார்த்தான். அவனுடைய கூட்டாளி ஹெரிபெர்ட் மட்டும் பொரித்த சாசேஜைத் தட்டில் வைத்துவிட்டு, "இவ்வளவு பெருசா?" என்று வாயெடுத்தான். ஏவால்ட் அவன் காலை நறுக்கென்று மிதித்தான். ரோஸ்விதா அதைப் பார்த்தாள். பொறாமை என்று நினைத்துக்கொண்டாள்.

பாதை வாசலில் வண்டிகள் வரிசையாக நின்றன. ஏவால்ட் கைப்பேசி, வீட்டுச் சாவி, பர்ஸ் எல்லாவற்றையும் எடுத்து அவளிடம் கொடுத்தான். வளைவில் எதுவும் உருண்டு காலடிக்கு வரக் கூடாது என்று அங்கே எல்லாரும் செய்வதுதான். அவள் இறங்கி, ஜன்னலில் குனிந்து, "பாட்டி மாதிரி ஓட்டாதே, என்ன? சர்ருன்னு போயிட்டு வா, நான் பெருமையா நின்னு பார்க்கறேன்" என்றாள். அவன் சிரித்தான். தடுப்புக் கம்பம் உயர்ந்தது, பச்சைக் கார் மரங்களுக்குள் மறைந்தது.

"அட, ரோஸ்விதா! நீ எங்க இந்தப் பக்கம்?" ஹெரிபெர்ட் காப்பிக் கோப்பையோடு வந்து நின்றான். வந்தவன் பாதையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. "நீ வந்திருக்கேன்னா... அவன் அந்தச் சக்கரத்துலயா போறான்?"

"பின்னே? எந்தச் சக்கரத்துல போவான்?"

"ஒண்ணுமில்ல, விடு."

"ஹெரிபெர்ட், என்னை என்ன பச்சைக் குழந்தைன்னு நினைச்சியா? சொல்லு."

அவன் சொன்னான். சொல்லாமல் இருந்திருக்கலாம், ஆனால் அவனுக்கும் பயம் வந்துவிட்டது. "பழைய சின்னச் சக்கரம் நாலும் என் கொட்டகையிலதான் இருக்கு. ஒவ்வொரு தடவையும் இங்க வர்றதுக்கு முன்னாடி என்கிட்ட வந்து அதை மாட்டுவான். முடிச்சிட்டு, மறுபடி வந்து உன்னோடதை மாட்டிக்கிட்டு வீட்டுக்கு வருவான். உனக்குத் தெரியக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டான்."

இதற்குத்தானா அத்தனை நேரம்! ரோஸ்விதாவுக்கு முகம் சுருங்கிப்போனது. அடுத்த நிமிடமே கோபமும் வந்தது. "என்னோடதுல என்ன குறையைக் கண்டான்? வண்டி ஆய்வாளர்கூடப் பார்த்துட்டு, இந்த வண்டிக்குப் போடலாம்னு முத்திரை குத்திக் குடுத்தாரே!"

"போடலாம், சட்டத்துக்குச் சரிதான். உன் கால் நாப்பத்தி மூணாம் நம்பர் ஆம்பளைச் செருப்புல நுழையாதா என்ன? நுழையும். போட்டுக்கிட்டு ஓட முடியுமா?"

"புரியற மாதிரி பேசு."

"உங்க வண்டி கனமே இல்லாத வண்டி ரோஸ்விதா. டயர் அவ்வளவு அகலமா இருந்தா, இருக்கற கொஞ்சூண்டு பாரமும் பரவிப்போயிடும், தரையை அழுத்தாது. காஞ்ச ரோடுன்னா அவன் சமாளிச்சுடுவான். தண்ணி நின்னா அதை வெட்டிக்கிட்டுப் போகாது, மேல மிதக்கும். இந்தக் குளிர்ல டயர் சூடாகவும் செய்யாது, வழுக்கும். சக்கரம் பெருசு, அதனால ரப்பர் ஒல்லி. மேடு பள்ளத்துல தூக்கிப் போட்டா, அந்தச் சக்கரத்தோட கனத்துக்குச் சட்டுன்னு தரைக்கு இறங்காது." அவன் காப்பியைக் கீழே வைத்தான். "ஒரு குளிர்காலம் முழுக்க நாங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்துதான் அந்தச் சின்ன அளவுக்கு வந்து சேர்ந்தோம். அதுல அந்த வண்டி சொன்ன பேச்சு கேட்கும்."

அப்போது அவள் கன்னத்தில் ஒரு துளி விழுந்தது. அவள் மலைப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். வாசலில்தான் தூறல். பாதையின் பின்பாதி போகும் மலைக்கு அந்தப்புறம் வானம் கறுத்துக் கொட்டிக்கொண்டிருந்தது.

அவள் தன் கைப்பேசியை எடுத்து அவனைக் கூப்பிட்டாள். அவளுடைய கைப்பைக்குள்ளேயே அவன் கைப்பேசி அடித்தது. தடுப்புக் கம்பத்தை நோக்கி ஓடினாள்.

"தம்பி, என் வீட்டுக்காரரை நிறுத்துங்க! பச்சை வண்டி, இப்பத்தான் உள்ள போச்சு. தப்பான சக்கரத்துல போறார்!"

கம்பத்தருகே நின்ற ஊழியன் அவளைப் பாவமாகப் பார்த்தான். "உள்ள போனவரை எப்படிம்மா கூப்பிடறது? ஒரே வழிதான். சுத்தி முடிச்சுத்தான் வரணும். மழையைப் பார்த்தா அவரே மெதுவா வருவார், கவலைப்படாதீங்க."

"வரமாட்டார்! நான்தான் வேகமா போகச் சொன்னேன்!"

ஊழியன் தொப்பியைச் சரிசெய்துகொண்டான்.

வண்டிகள் ஒவ்வொன்றாக நனைந்து வெளியே வந்தன. சிவப்பு வந்தது. வெள்ளை வந்தது. ஏவால்ட்டுக்குப் பின்னால் போன மஞ்சள் காரும் வந்துவிட்டது. அதை ஓட்டி வந்த பெண் ஜன்னலை இறக்குவதற்குள் ரோஸ்விதா கண்ணாடியைத் தட்டினாள்.

"பச்சைக் காரைப் பார்த்தீங்களா? சின்னது?"

"மலைக்குப் பின்பக்கத்துல ஒண்ணு கம்பித் தடுப்புல போய்ச் சொருகிக்கிட்டு நிக்குதுங்க. நிறமெல்லாம் தெரியலை, அப்படி மழை." அவள் ரோஸ்விதாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள். "உங்களோடதா இருக்காது."

சைரன் ஊளையிட்டது. கம்பம் கீழே இறங்கியது. ஒரு ஆம்புலன்ஸும், பின்னால் ஒரு இழுவை லாரியும் பாதைக்குள் போயின. வாசலில் நின்ற கூட்டம் கப்சிப்பென்று ஆனது. அங்கே ஒரு வழக்கம் உண்டு: சைரன் கேட்டால் யாரும் யார் பெயரையும் கேட்கமாட்டார்கள். அவரவர் ஆள் வந்துவிட்டானா என்று பார்ப்பார்கள். வந்துவிட்டால், ஆள் வராதவள் காதில் விழாமல் பெருமூச்சு விடுவார்கள். ரோஸ்விதாவைச் சுற்றி மெல்ல இடம் காலியானது. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது, வராதது தன் ஆள்தான் என்று.

"அவன் கெட்டிக்காரன், ஒண்ணும் ஆகியிருக்காது" என்றான் ஹெரிபெர்ட்.

"வாயை மூடு! சக்கரம் சரியில்லைன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உன் நாக்கு தேஞ்சா போயிருக்கும்?" கத்திவிட்டு அவன் கோட்டையே பிடித்துக்கொண்டு அழுதாள். "கடவுளே, அவன் கை கால் போனாலும் பரவாயில்ல. நான் ஊட்டி விடறேன், நான் தூக்கிச் சுமக்கறேன். உயிரோட மட்டும் குடுத்துடு." முதுகுவலியோடு அவன் குனிந்து அந்தச் சக்கரங்களைக் கழற்றி மாட்டியதை நினைத்தாள். கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றி, மறுபடி மாட்டி. அதன்பிறகு வீட்டுக்கு வந்தவனிடம், 'எவகிட்ட போயிட்டு வர்றே?' என்று கேட்காத குறையாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நடமாடியிருக்கிறாள், பாவி.

கடைசியில் லாரி வந்தது. முதுகில் பச்சைக் கார். முன்பக்கம் நசுங்கி, ஒரு கறுப்புச் சக்கரம் முட்டி மடங்கியதுபோல் உள்பக்கமாக மடிந்து கிடந்தது. ரோஸ்விதா லாரிக்கு நேர் எதிரே போய் நின்றுவிட்டாள். கண்ணாடியில் மழைத்தண்ணீர் வழிந்ததில் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அவள் அசையவில்லை.

கதவு திறந்தது. ஏவால்ட் இறங்கினான். தோளில் ஒரு போர்வை, உதட்டில் ரத்தம். இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது, அதை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தான். அவளைப் பார்த்ததும் அவசர அவசரமாகப் பேசினான்.

"பயப்படாதே ரோஸி, ஒண்ணுமில்ல. உன் சக்கரம் மூணு அப்படியே நல்லா இருக்கு. அதுமேல தப்பே இல்ல. நான்தான் கவனமில்லாம திருப்பிட்டேன்."

அவள் ஓடிப்போய் நல்ல பக்கத்துத் தோளில் ஓங்கி ஓர் அடி போட்டாள். பிறகு அங்கேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "பொய் சொல்லாதே. ஹெரிபெர்ட் எல்லாத்தையும் சொல்லிட்டான். செத்துக் கிடந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பே, இல்ல? பிடிக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்னடா உனக்கு? நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?"

ஏவால்ட் ஹெரிபெர்ட்டைப் பார்த்தான். ஹெரிபெர்ட் தரையைப் பார்த்தான்.

"பிடிக்காம என்ன" என்றான் ஏவால்ட் மெதுவாக. "இத்தனை வருஷத்துல என் வண்டிக்குன்னு நீ ஒண்ணு யோசிச்சது அதுதான் முதல் தடவை. அதுவும் சரியில்லைன்னு நான் சொல்லிட்டா, அப்புறம் நீ யோசிக்கவேமாட்டியேன்னு பயந்துட்டேன்."

ரோஸ்விதா தலையை நிமிர்த்தி மறுக்கப் பார்த்தாள். பிறகு கோட்டுக் கையால் அவன் உதட்டு ரத்தத்தைத் துடைத்தாள். அவன் சொன்னது உண்மை என்று அவளுக்கே தெரியும்.