ராஜேந்திரன் வீட்டு வெள்ளை ஜன்னல்கள்

பெங்களூர் காக்ஸ் டவுனில் அந்தத் தெருவிலேயே முதன்முதலாகப் பிளாஸ்டிக் ஜன்னல் வைத்தவர் ராஜேந்திரன். 2005 கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம் இருக்கையில் அதன்மேல் பச்சைப் பெயிண்டைத் தெளித்தவர் பக்கத்து வீட்டு தியோடர்.

வேண்டுமென்று செய்யவில்லை. சனிக்கிழமை சாயங்காலம், ஆள் வைக்காமல் தானே வெளிச்சுவருக்கு ரோலர் ஓட்டினார். காற்று நன்றாக அடித்தது. ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி வேலை செய்தவருக்குப் பெயிண்ட் பறப்பது உறைக்கவில்லை. மறுநாள் சர்ச்சிலிருந்து திரும்பியபோதுதான் வெயில் வெளிச்சத்தில் பார்த்தார். எதிரே இரண்டு ஜன்னல் சட்டங்களிலும் அம்மை போட்ட மாதிரி பச்சைப் புள்ளிகள், காய்ந்து கெட்டியாகி.

"வனஜா, இங்க வா. கத்தாதே, வந்து பாரு."

மனைவி வந்து பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். "போயும் போயும் அவரு ஜன்னல்லயா?"

ராஜேந்திரனுக்கும் தியோடருக்கும் இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. கேட்டை மறித்து ஸ்கூட்டர் நிறுத்தியதில் கிளம்பிய சண்டை. மனைவிமார் மட்டும் மதிலுக்கு மேலாகப் பேசிக்கொள்வார்கள்.

"வேலூர்ல ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்காங்க. சாயங்காலம்தான் வருவோம்னு உஷா சொன்னா" என்றாள் வனஜா.

தியோடர் சர்ச்சுக்குப் போட்ட சட்டையோடு மதிலேறிக் குதித்தார். ஏணியைச் சாத்தி, துணியில் தின்னரை நனைத்துக் கீழ் மூலையில் தேய்த்தார். பச்சை போய்விட்டது. கூடவே பளபளப்பும் போய்விட்டது. தொட்டால் விரல் பிசுபிசுவென்று ஒட்டியது.

"தின்னரா? ஜன்னலையே கரைச்சிடுவீங்க போலிருக்கே! கீழ இறங்குங்க."

வனஜா ஆஸ்பத்திரியில் நர்ஸ். வெந்நீரில் சோப்புத்தூள் கரைத்து, பழைய துண்டு, பஞ்சு, ஸ்பிரிட், ஒரு பிளாஸ்டிக் ஸ்கேல் எல்லாவற்றையும் மதில்மேல் அடுக்கினாள். ஈரத்துண்டைப் புள்ளிகளின்மேல் பத்து நிமிடம் போர்த்தி வைக்கச் சொன்னாள். பிறகு ஸ்கேலைப் படுக்கவைத்துத் தள்ளினால் பெயிண்ட் பாலாடை மாதிரி உரிந்து வந்தது. வராததற்கு ஸ்பிரிட் தொட்ட பஞ்சு. அதையும் முதலில் மறைவான இடத்தில் தடவிப் பார்த்தபிறகுதான் விட்டாள்.

ஒரு ஜன்னல் முடிந்தது. இரண்டாவதில் கடைசிப் புள்ளி உரிந்துகொண்டிருந்தபோது வாசலில் ஆட்டோ சத்தம்.

"இல்லே நில்சி, இல்லே நில்சி" என்று கன்னடத்தில் டிரைவரை அங்கேயே நிறுத்தச் சொல்லிக்கொண்டே ராஜேந்திரன் இறங்கினார், பின்னால் உஷா. மத்தியானம் ஒன்றரைதான் ஆகியிருந்தது. ஏணியில் நின்ற தியோடருக்கு இறங்கவும் தோன்றவில்லை, ஓடவும் தோன்றவில்லை.

"என்ன சார் இது? என் காம்பவுண்டுக்குள்ள என்ன பண்றீங்க?"

ஏதாவது பொய் சொல்லலாமா என்று தியோடர் ஒரு கணம் யோசித்தார். கையில் ஸ்கேல், சட்டையெல்லாம் சோப்புத் தண்ணீர். எந்தப் பொய்யும் பொருந்தவில்லை.

"நேத்து பெயிண்ட் அடிச்சப்ப தெறிச்சிடுச்சு. தப்பு என்னுதுதான். எடுத்துட்டேன். ஆனா அந்த மூலையில தின்னர் பட்டு மங்கிப்போச்சு. அதையும் சொல்லிடறேன்."

ராஜேந்திரன் எட்டி மூலையைத் தடவினார். பிறகு சுத்தமான சட்டத்தை மேலும் கீழும் தடவினார்.

"கோடே விழாம எப்படி சார் எடுத்தீங்க?"

"என்ன?"

"உள்ள வந்து பாருங்க. எங்க பெயிண்டர் சுவரோட சேர்த்து ஜன்னல் பூரா டிஸ்டம்பர் அடிச்சிட்டுப் போயிட்டான். ஒரு வாரமா பிளேடால சுரண்டிட்டிருக்கேன், கோடு கோடா விழுது."

"பிளேடு வேணாம்னு தலைபாடா அடிச்சிக்கிட்டேன், கேட்டாரா?" என்றாள் உஷா, கல்யாணப் பலகாரப் பையை வனஜாவிடம் நீட்டியபடி.

உள்ளே ஆறு ஜன்னல்கள். சாப்பாட்டுக்குப்பின் இரண்டு ஆண்களும் பக்கெட்டோடு உட்கார்ந்தார்கள். ராஜேந்திரன் ஸ்கேலைக் கத்தி மாதிரி பிடித்துக் குத்துவதைப் பார்த்துத் தியோடருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"குத்தாதீங்க சார். படுக்க வெச்சுத் தள்ளுங்க."

"இப்படியா?"

"அதேதான்."

நீளமாக ஒரு பட்டை உரிந்து வந்தது. ராஜேந்திரன் அதை உயர்த்திப் பிடித்து, "உஷா, இங்க வந்து பாரேன்!" என்று கூவினார்.